பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஓர் ஆறு

இலண்டன் மாநகரில் ஸ்லோன் ஸ்குவேர் என்று ஒரு சுரங்க இரயில் நிலையம் இருக்கிறது. அதன் நடைமேடையில் நின்றுகொண்டு தலையை நிமிர்த்திப் பார்த்தால், இருப்புப் பாதைகளுக்கு மேலே குறுக்காகச் செல்லும் பெரிய இரும்புக் குழாய் ஒன்று தெரியும். கீழே இரயில்கள் வருவதும் போவதுமாக இருக்கும். பயணிகள் பெரும்பாலும் அந்தக் குழாயைக் கவனிப்பதே இல்லை.

அது என்ன குழாய்? குடிநீர்க் குழாயா? எரிவாயுக் குழாயா? இரண்டும் இல்லை. அந்தக் குழாய்க்குள் ஓடுவது ஓர் ஆறு!

அதன் பெயர் வெஸ்ட்போர்ன். ஒரு காலத்தில் வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் நடுவே வெயில் பட ஓடிய ஆறு அது. 1868-ஆம் ஆண்டில் இந்த நிலையத்தைக் கட்டியபோது ஆறு குறுக்கே வந்தது. ஆற்றை நிறுத்த முடியாது. இரயில் பாதையையும் விட முடியாது. ஆகவே ஆற்றைக் குழாய்க்குள் அடைத்து, பாதைக்கு மேலே கொண்டுசென்றார்கள்.

இப்படி இலண்டனின் தெருக்களுக்கு அடியில் மறைந்து ஓடும் ஆறுகளும் ஓடைகளும் பல. இன்றைய சாதாரண நகரப் படத்தில் அவற்றைக் காண முடியாது. ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுரங்க இரயில் நிலையங்களின் பெயர்களைப் படித்தால் போதும்! எப்படி என்று பார்ப்போம்.

உலகின் முதல் சுரங்க இரயில்

1863-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் உலகின் முதல் சுரங்க இரயில் இலண்டனில் ஓடத் தொடங்கியது. பாடிங்டன் முதல் ஃபாரிங்டன் வரை அதன் நீளம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். அன்றைக்கு மின்சார இரயில் கிடையாது. புகை கக்கும் நீராவி இயந்திரமே சுரங்கத்துக்குள் வண்டிகளை இழுத்தது. அப்படியிருந்தும் முதல் நாளில் சுமார் 38,000 பேர் பயணம் செய்தார்கள். இன்று அந்த இரயில் அமைப்பில் 270-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன.

நிலையங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் புதுப் பெயர்களைத் தேடவில்லை. பக்கத்தில் இருந்த ஊர், தெரு, பாலம், சத்திரம் ஆகியவற்றின் பெயரையே பலகையில் எழுதிவிட்டார்கள். அந்த ஊர்ப் பெயர்களில் பல ஆயிரம் ஆண்டு பழமையானவை. ஊரின் உருவம் மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. மறைந்த விலங்கின் எலும்பு பாறைக்குள் கல்லாகிக் கிடப்பதுபோல, மறைந்த நிலத்தின் வடிவம் பெயருக்குள் கிடக்கிறது.

மணலும் களிமண்ணும்

இலண்டனில் இத்தனை ஓடைகள் எங்கிருந்து வந்தன? இதற்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இலண்டன் இருக்கும் இடத்தில் கடல் இருந்தது. அக்கடலின் அடியில் படிந்த சேறு தடித்த களிமண் படுகையாக மாறியது. இதற்கு இலண்டன் களிமண் என்றே பெயர். நகரின் வடக்கே ஹாம்ப்ஸ்டெட் என்ற மேட்டில் இந்தக் களிமண்ணுக்கு மேலே மணல் அடுக்கு ஒன்றும் இருக்கிறது. மழைநீர் மணலில் எளிதாக இறங்கும். களிமண்ணைத் தொட்டதும் அதற்குமேல் இறங்க முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து, மேட்டின் சரிவில் ஊற்றாக வெளியே வரும். பல ஊற்றுகள் கூடி ஓடையாகும். அந்த ஓடைகள் தெற்கு நோக்கி இறங்கித் தேம்ஸ் ஆற்றில் கலக்கும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் ஈரக் களிமண்ணைச் சாய்வாக அழுத்தி வையுங்கள். அதன்மேல் ஆற்று மணலைப் போடுங்கள். இப்போது மெதுவாக நீர் ஊற்றுங்கள். நீர் மணலுக்குள் மறைந்து, களிமண்ணின் மேற்பரப்பு வழியாக வழுக்கி, தாழ்ந்த பக்கத்தில் சேர்வதைக் கண்ணாடி வழியே காண்பீர்கள். ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நடப்பதும் இதுவே.

நீர் இறங்காத இந்தக் களிமண் சுரங்கம் தோண்டுகிறவர்களுக்கு நல்ல நண்பன். கத்தியால் வெண்ணெயை வெட்டுவதுபோல் அதை வெட்டலாம், எளிதில் சரியாது. ஆழமான சுரங்கப் பாதைகள் பெரும்பாலும் இதனுள்தான் செல்கின்றன. ஹாம்ப்ஸ்டெட் நிலையம் தரையிலிருந்து சுமார் 58 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இலண்டன் சுரங்க இரயில் நிலையங்களிலேயே ஆழமானது அதுதான்.

பெயருக்குள் ஓடை

பழைய ஆங்கில மொழியில் 'பர்னா' என்றால் ஓடை. காலப்போக்கில் இச்சொல் பர்ன் என்றும், போர்ன் என்றும், போன் என்றும் மருவியது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதையும், புதுச்சேரி புதுவை ஆனதையும் மரூஉ என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இப்போது சில நிலையங்களின் பெயர்ப்பலகைகளைப் படிப்போம்.

ஹோபர்ன்: பள்ளத்தில் ஓடும் ஓடை என்று பொருள். அந்த ஓடை, ஃப்ளீட் என்ற ஆற்றின் ஒரு பகுதி. நிலையத்திலிருந்து கிழக்கே நடந்தால் ஹோபர்ன் மேம்பாலம் வரும். 1869-இல் கட்டி முடித்த இப்பாலத்தின் கீழே ஆறு தெரியாது. ஒரு தெருதான் தெரியும். ஆறு அந்தத் தெருவுக்கும் அடியில் போய்விட்டது. ஆனால் பள்ளத்தாக்கு அப்படியே இருக்கிறது. அது இல்லையென்றால் பாலமே தேவைப்பட்டிராது.

மேரிலபோன்: ஓடைக்கரை மேரி என்று பொருள் கொள்ளலாம். டைபர்ன் என்ற ஓடையின் கரையில் இருந்த சிற்றூருக்கும் முன்பு டைபர்ன் என்றே பெயர். 1400-ஆம் ஆண்டையொட்டி அங்கே புனித மேரியின் ஆலயம் எழுந்தது. ஊரும் ஆலயத்தின் பெயரைப் பெற்றது. இப்பகுதியின் படத்தைப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். சுற்றியுள்ள தெருக்கள் எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகச் செல்கின்றன. மேரிலபோன் சந்து மட்டும் பாம்புபோல் வளைந்து செல்கிறது. ஏன்? டைபர்ன் ஓடை வளைந்து சென்றது. சந்து அதன் கரையை ஒட்டிச் சென்றது. ஓடை மண்ணுக்குள் போன பிறகும் சந்து நிமிரவில்லை.

ஸ்டாம்ஃபோர்டு புரூக்: கற்கள் நிறைந்த துறை என்பது முதல் சொல்லின் பொருள்; இரண்டாம் சொல்லுக்கு ஓடை என்று பொருள். ஆழமில்லாத இடத்தில் கல்மீது கால்வைத்து மக்கள் ஓடையைக் கடந்திருக்கிறார்கள்.

நிலையங்களைக் கோர்த்தால் ஓர் ஆறு

முதலில் பார்த்த வெஸ்ட்போர்ன் ஆற்றுக்கு வருவோம். இலண்டன் நகரப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடமேற்கிலிருந்து தெற்கு நோக்கி ஐந்து நிலையங்களைக் குறியுங்கள்.

முதலாவது, கில்பர்ன் பார்க். பெயரின் கடைசியில் 'பர்ன்' இருப்பதைப் பாருங்கள். ஆற்றின் மேல்பகுதிக்கு இப்பெயர் இருந்தது.

இரண்டாவது, வெஸ்ட்போர்ன் பார்க். ஓடைக்கு மேற்கே உள்ள இடம் என்பதே இப்பெயரின் பழைய பொருள். நிலையமும் ஆற்றின் பழைய தடத்துக்குச் சற்று மேற்கேதான் இருக்கிறது! ஊரின் பெயரே பிறகு ஆற்றுக்கும் பெயராயிற்று.

மூன்றாவது, பேய்ஸ்வாட்டர். 1380-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் இது பேயர்டின் நீர்த்துறை என்ற பொருளில் காணப்படுகிறது. பயணிகளும் குதிரைகளும் நீர் அருந்திய இடமாக இருக்க வேண்டும்.

நான்காவது, நைட்ஸ்பிரிட்ஜ். 'பிரிட்ஜ்' என்றால் பாலம் என்று உங்களுக்கே தெரியும். இன்று அங்கே பெரிய கடைகள் இருக்கின்றன, பாலம் இல்லை. வெஸ்ட்போர்ன் ஆற்றின்மேல் இருந்த பாலமே இப்பெயரைத் தந்தது. பக்கத்தில் உள்ள ஹைடு பூங்காவில் செர்பென்டைன் என்ற ஏரி இருக்கிறது. 1730-இல் இதே ஆற்றுக்கு அணை கட்டி அந்த ஏரியை உண்டாக்கினார்கள்.

ஐந்தாவது, ஸ்லோன் ஸ்குவேர். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் நினைவாக வைத்த பெயர் இது. அவர் சேர்த்து வைத்த அரும்பொருள்களைக் கொண்டே 1753-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தோன்றியது. பெயரில் ஆறு இல்லை. ஆனால் தலைக்கு மேலே குழாயில் ஆறு இருக்கிறதே!

இப்போது இந்த ஐந்து புள்ளிகளையும் பென்சிலால் இணையுங்கள். மறைந்துபோன ஓர் ஆற்றின் போக்கு ஏறத்தாழ உங்கள் தாளில் கிடைத்துவிடும். தொலைநோக்கியும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம், பெயர்களே வழிகாட்டின.

எலும்புச் சறுக்கணிகள்

மூர்கேட் என்று ஒரு நிலையம். சதுப்பு நிலத்துக்குச் செல்லும் வாயில் என்பது இதன் பொருள். நகர நடுவில் சதுப்பு நிலம் எப்படி வந்தது?

ரோமானியர்கள் கி.பி. 200-ஆம் ஆண்டையொட்டி இலண்டனைச் சுற்றி மதில் கட்டினார்கள். வால்புரூக் என்ற ஓடை நகருக்குள் வர, மதிலின் அடியில் மதகுகள் அமைத்தார்கள். நாளடைவில் மதகுகள் தூர்ந்துபோயின. மதிலே அணையாகிவிட்டது! வெளியே நீர் தேங்கிச் சதுப்பு நிலம் உண்டாயிற்று. 1415-இல் அந்தப் பக்கம் ஒரு வாயில் திறந்து, அதற்கு மூர்கேட் என்று பெயரிட்டார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் இலண்டனைப் பற்றி எழுதிய ஃபிட்ஸ்டீஃபன் என்பவர் ஒரு காட்சியைக் குறித்திருக்கிறார். குளிர்காலத்தில் அந்தச் சதுப்பு நீர் உறைந்துவிடும். இளைஞர்கள் விலங்குகளின் கால் எலும்பைப் பாதத்தில் கட்டிக்கொண்டு, கம்பால் உந்திப் பனிக்கட்டியின்மேல் சறுக்கி விளையாடுவார்கள். அத்தகைய எலும்புச் சறுக்கணிகள் பின்னாளில் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. ஏட்டில் எழுதியதற்கு மண்ணே சாட்சி சொல்லிவிட்டது!

அந்த வால்புரூக் ஓடை இன்றைய பேங்க் நிலையத்தின் அருகே சென்றது. நிலையத்தின் வாயில்களில் ஒன்றுக்கு ஓடையின் பெயரே இருக்கிறது. 2010 முதல் 2014 வரை அப்பகுதியை அகழ்ந்தபோது ரோமானியர் காலத்து மர எழுத்துப் பலகைகள் 400-க்கும் மேல் கிடைத்தன. ஒன்றில் கி.பி. 57-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் எழுதிய கடன் பத்திரம் இருந்தது. மரம் ஏன் மக்கிப்போகவில்லை? ஓடையின் ஈரச் சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு. மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே வளர முடியவில்லை.

ஆறுகளை ஏன் மூடினார்கள்?

நல்ல ஆறுகளை மனிதர்கள் ஏன் மண்ணுக்குள் தள்ளினார்கள்? இதுதான் இக்கதையின் வருந்தத்தக்க பகுதி.

நகரம் பெருகப் பெருக, ஓடைகளில் எல்லாவிதக் கழிவுகளையும் கொட்டினார்கள். கசாப்புக் கடைக் கழிவு, தோல் பதனிடுவோரின் கழிவு, மனிதக் கழிவு எல்லாம் ஓடைகளில் சேர்ந்தன. ஃப்ளீட் ஆறு சாக்கடையாயிற்று. நாற்றம் தாங்காமல் 18-ஆம் நூற்றாண்டில் அதன் கீழ்ப்பகுதியைத் துண்டு துண்டாக மூடினார்கள். மற்ற ஓடைகளுக்கும் பின்னர் இதே கதி நேர்ந்தது. ஆனால் மூடிய சாக்கடைகளும் தேம்ஸில்தான் சென்று கலந்தன. மக்களில் பலர் குடித்ததும் தேம்ஸ் நீரைத்தான்! காலரா மீண்டும் மீண்டும் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கெட்ட காற்றால் இந்நோய் வருகிறது என்றே பலரும் நம்பினார்கள். 1854-இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்து, ஒரு தெருக்குழாயின் நீரே நோய்க்குக் காரணம் என்று காட்டினார்.

1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் பாராளுமன்றத்தையே உலுக்கியது. உடனே பணம் ஒதுக்கினார்கள். ஜோசஃப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் ஏறத்தாழ 132 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய கழிவுநீர்ச் சுரங்கங்களைக் கட்டினார். தேம்ஸின் ஓரத்தைத் தூர்த்துக் கரை எழுப்பி, அதற்குள் கழிவுநீர்ச் சுரங்கத்தையும் இரயில் சுரங்கத்தையும் அமைத்தார்கள். எம்பேங்க்மென்ட், அதாவது ஆற்றுக்கரை அணை, என்ற நிலையத்தின் பெயர் இந்தப் பெரும் பணியைத்தான் நினைவூட்டுகிறது. 1866-இல் காலரா மறுபடி வந்தபோது, பேசல்ஜெட்டின் பணி முடியாதிருந்த கிழக்குப் பகுதியிலேயே அது மிகுந்த சேதம் செய்தது.

மூடிவிட்டால் ஆறு போய்விடுமா? 1862 ஜூன் மாதம், முதல் சுரங்க இரயில் பாதையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, ஃப்ளீட் சாக்கடை சுவரை உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. சில மாதங்கள் பணி தடைப்பட்டது. 2021 ஜூலையில் பெய்த பெருமழையிலும் பல நிலையங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஓடையும் மழைநீரும் கழிவுநீரும் ஒரே சுரங்கத்தில் செல்வதால், பெருமழையில் அது நிரம்பித் தேம்ஸில் வழிந்துவந்தது. அதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பெருஞ்சுரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். அது 2025-இல் முழுமையாக இணைக்கப்பட்டது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. மறப்பது நாம்தான்.

பெயர் ஏமாற்றவும் கூடும்

ஆனால், பெயரைக் கண்டதும் நம்பிவிடலாமா? கூடாது. பெயர் ஒரு சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே தீரவேண்டும்.

வாட்டர்லூ என்ற நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 'வாட்டர்' என்று தொடங்குகிறதே, இங்கும் ஓர் ஓடை இருந்திருக்குமோ என்று எண்ணுவீர்கள். தவறு! 1815-இல் நெப்போலியன் தோற்ற போர்க்களம், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள வாட்டர்லூ. அந்த வெற்றியின் நினைவாக 1817-இல் திறந்த பாலத்துக்கு அப்பெயரை இட்டார்கள். பாலத்திலிருந்து நிலையத்துக்கு வந்தது.

ஆர்சனல் என்றால் படைக்கலச் சாலை. அந்த நிலையத்தின் அருகே அப்படி ஒன்றும் இல்லை. தேம்ஸுக்குத் தெற்கே வுல்விச்சில் இருந்த படைக்கலச் சாலையின் தொழிலாளர்கள் 1886-இல் ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கினார்கள். குழு 1913-இல் ஆற்றுக்கு வடக்கே குடிபெயர்ந்தது. 1932-இல் கில்லெஸ்பி ரோடு என்ற நிலையத்தின் பெயர் குழுவின் பெயராக மாறியது. பெயரும் மனிதர்களோடு பயணம் செய்யும்!

எலிஃபன்ட் அண்டு காசில் என்றால் யானையும் கோட்டையும். ஸ்பெயின் நாட்டு இளவரசி ஒருத்தியின் பட்டப்பெயர் மருவி இப்படி ஆயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் சான்று இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஒரு சத்திரத்தின் பெயர்ப்பலகையில் முதுகில் கோட்டை தாங்கிய யானை இருந்தது. நாம் அதை அம்பாரி என்றிருப்போம். நிலையத்தின் பெயருக்குக் காரணம் அந்தச் சத்திரமே.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். பெயரின் மிகப் பழைய வடிவம் எந்த ஆவணத்தில் இருக்கிறது? நிலத்தின் மேடுபள்ளம் அந்தப் பொருளுக்குப் பொருந்துகிறதா? தோண்டிய மண் என்ன சொல்கிறது? மூன்றும் ஒத்துப்போனால் பெயரை நம்பலாம். மூர்கேட் இந்தத் தேர்வில் தேறிவிட்டது. ஸ்பெயின் இளவரசி தோற்றுவிட்டாள்.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் சுரங்க இரயில் இல்லாமல் இருக்கலாம். பேருந்து நிறுத்தங்கள் உண்டு அல்லவா? நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து அவற்றின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். குளம், ஏரி, தாங்கல், மடை, மதகு, கரை, துறை, வாய்க்கால் என்ற சொற்கள் வரும் பெயர்களுக்கு அடிக்கோடு இடுங்கள். பிறகு அந்த இடத்துக்குச் சென்று பாருங்கள். நீர் இருக்கிறதா? இல்லையென்றால், மழைநாளில் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடித் தேங்குகிறது? தெருவில் பள்ளம் எங்கே? ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய நிலப்படத்தைப் பார்க்க முடியுமா என்று ஆசிரியர் மூலம் விசாரியுங்கள். பெரியவர் சொன்னது, படம் காட்டியது, நீங்கள் கண்டது மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதி ஒப்பிடுங்கள்.

ஒரு நிறுத்தத்தின் பெயரில் குளம் இருந்து, தரையில் குளம் இல்லாமல் போனால், அந்த வரியைச் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். அடுத்த பெருமழையில் தண்ணீர் முதலில் எங்கே வரும் என்பதை அந்தச் சிவப்பு வரி உங்களுக்கு முன்கூட்டியே சொல்லக்கூடும்.